சைவத்துக்கு மாறிய பிறகும் சர்க்கரை ஏறுவது ஏன்?

48 வயதாகும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவருக்கு ஏழு ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். கொலஸ்ட்ராலுக்காக ஸ்டாட்டின் மாத்திரையும் எடுத்துவந்தார். தந்தை மாரடைப்பால் இறந்ததையடுத்து, 14 மாதங்களுக்கு முன் இறைச்சி, மீன், முட்டை மூன்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டார். முதல் ஆறு மாதங்களில் எடை 70 கிலோவிலிருந்து 66 கிலோவாகக் குறைந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.9-லிருந்து 6.8-க்கு இறங்கியது. இனி உணவே போதும் என்று முடிவுசெய்து, ஐந்து மாதங்களுக்கு முன் ஸ்டாட்டினைத் தாமாகவே நிறுத்தினார். சென்ற மாதப் பரிசோதனையில் எடை 69 கிலோ, எச்பிஏ1சி 7.4, இரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 212, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல் 131 என்று வந்திருக்கிறது. சில மாதங்களாக இரண்டு பாதங்களிலும் எரிச்சலும் மதமதப்பும் இருக்கின்றன.

“ஒரு துண்டு மீன்கூடத் தொடவில்லை. பிறகு ஏன் டாக்டர், எல்லாம் திரும்ப ஏறுகிறது?” என்று கேட்டிருக்கிறார். பாலையும் விட்டுவிட்டால் முழுப் பலன் கிடைக்குமா, மெட்ஃபார்மினை எப்போது நிறுத்தலாம், 16 வயது மகளையும் 76 வயது மாமியாரையும் இந்த உணவுக்கு மாற்றலாமா என்பவை அவருடைய மற்றக் கேள்விகள். மகள் தானாகவே தாயைப் பின்பற்றத் தொடங்கிவிட்டாள். கணவர் அதை எதிர்க்கிறார். வீட்டில் இதனால் தினமும் வாக்குவாதம்.

அன்புள்ள வாசகிக்கு,

தந்தையை இழந்த துயரத்தில் எடுத்த முடிவை 14 மாதங்கள் விடாமல் காப்பாற்றியிருக்கிறீர்கள். அந்த உறுதியை நான் மதிக்கிறேன். நீங்கள் தேர்ந்தெடுத்த பாதை தவறானது அல்ல. ஆனால் உங்கள் கடிதம் முழுவதும் ஒரே ஒரு கணக்குத்தான் இருக்கிறது: தட்டிலிருந்து எதையெல்லாம் நீக்கினீர்கள் என்ற கணக்கு. அந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதைப் பற்றி, கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது ஓரிரு வரிகள் வருகின்றன. மாலையில் பிஸ்கட், காலையில் பழச்சாறு, “மனம் கேட்காதபோது” இனிப்பு, வாரத்தில் நான்கைந்து நாள் எண்ணெயில் பொரித்த தின்பண்டம், வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சோறு. உங்கள் கேள்விக்கான விடை அந்த வரிகளில்தான் இருக்கிறது.

சைவ உணவினால் கிடைக்கும் நன்மைகள் உண்மையானவை. 1982-க்கும் 2022-க்கும் இடையில் வெளிவந்த 30 சோதனை ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியான ஒரு பகுப்பாய்வில், சைவ உணவுக்கோ முழுத் தாவர உணவுக்கோ மாறியவர்களுக்கு எல்.டி.எல் சராசரியாக 10 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. பிரிட்டனில் 48,000-க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 18 ஆண்டுகள் கண்காணித்த ஈபிக்-ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வின் 2019-ஆம் ஆண்டு முடிவுகளின்படி, இறைச்சி உண்பவர்களைவிடச் சைவ உணவினருக்கு இதய இரத்தக்குழாய் அடைப்பு நோய் 22 சதவீதம் குறைவாக இருந்தது. பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-ல் அறிவித்தது. சிவப்பு இறைச்சியை ‘உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் வைத்தது. எனவே உங்கள் தந்தையின் மரணத்தை நினைத்து இதயத்துக்காக இந்த மாற்றத்தைச் செய்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

அதே ஈபிக்-ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வில், சைவ உணவினருக்குப் பக்கவாதம் 20 சதவீதம் அதிகமாக இருந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சதவீதங்கள் அச்சுறுத்தும் என்பதால் ஆள் கணக்கில் சொல்கிறேன்: பத்து ஆண்டுகளில் ஆயிரம் பேருக்கு இதய நோய் பத்துக் குறைந்தது, பக்கவாதம் மூன்று கூடியது. மொத்தத்தில் இலாபம்தான். ஆனால் இறைச்சியை விட்டவுடன் உடல் எல்லா நோய்க்கும் அரண் பெற்றுவிடுகிறது என்ற எண்ணத்துக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

இந்த நன்மை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் உங்கள் குழப்பம் தீரும். பயறு, ஓட்ஸ், பழங்கள், காய்கறிகள் ஆகியவற்றில் இருக்கும் கரையும் நார்ச்சத்து, குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. புதிய பித்தத்தைத் தயாரிக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை அது இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. எல்.டி.எல் இறங்குவதற்கு இது ஒரு காரணம். இறைச்சியோடு வரும் நிறைவுற்ற கொழுப்பு குறைவது இன்னொரு காரணம். நார்ச்சத்து மிகுந்த உணவு மெதுவாகச் செரிப்பதால் சர்க்கரையும் மெதுவாக ஏறுகிறது. வயிறு சீக்கிரம் நிறைவதால் எடை குறைகிறது. முதல் ஆறு மாதங்களில் உங்களுக்கு நடந்தது இதுதான். அப்போது காய்கறியும் பயறும் “தேடித் தேடிச் சமைத்தேன்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பிஸ்கட்டிலும் இனிப்பிலும் இறைச்சி இல்லை. ஆகவே அவை சைவம். ஆனால் மேலே சொன்ன எந்த வேலையையும் அவை செய்வதில்லை. வெள்ளை மாவும் சர்க்கரையும் தேவைக்கு மேல் உள்ளே போகும்போது கல்லீரல் அவற்றைக் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. உங்கள் டிரைகிளிசரைடு 212-க்கு ஏறியது பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். பழச்சாறு பழத்துக்கு ஈடாகாது. நாரைப் பிழிந்து எறிந்த பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். அமெரிக்காவில் மருத்துவத் துறையைச் சேர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்களை வைத்து 2017-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. முழுத்தானியம், பயறு, காய்கறி, பழம், கொட்டைகள் நிறைந்த தாவர உணவை உண்டவர்களுக்கு இதய நோய் குறைந்தது. வெள்ளை மாவு, இனிப்புப் பானம், இனிப்புப் பண்டம் நிறைந்த தாவர உணவை உண்டவர்களுக்கு அது கூடியது. இரண்டு தரப்பும் தாவர உணவின் பக்கம்தான் சாய்ந்திருந்தன.

ஆகவே மீன் இருந்த இடத்துக்குச் சோற்றைக் கொண்டுவராதீர்கள். பயறையும் பருப்பையும் கொண்டுவாருங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பயறு அல்லது பருப்பு, கால் பங்கு தானியம் என்ற அளவு உங்களுக்குப் பொருந்தும். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 55 கிராம் புரதம் தேவை. வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கோப்பையில் சுமார் 14 கிராமும், ஒரு தம்ளர் பாலிலோ தயிரிலோ ஆறேழு கிராமும் கிடைக்கும். நீர்க்கக் கரைத்த பருப்பு இரண்டு கரண்டியில் மூன்று நான்கு கிராம்கூடத் தேறாது. தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் நிறைய இருக்கிறது. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வேளையில்தான் சேர்த்து உண்ண வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

பாத எரிச்சலை முதலில் கவனியுங்கள்

நீங்கள் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் சொன்ன இந்த விஷயம்தான் என்னை அதிகமாகக் கவலைப்பட வைத்தது. “சர்க்கரை இருப்பவர்களுக்கு இது வருவதுதானே” என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் வைட்டமின் பி12 குறைபாட்டிலும் இதே எரிச்சல், இதே மதமதப்பு, இதே இரண்டு பாதங்கள். அறிகுறிகளை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். உங்களிடம் அந்தக் குறைபாட்டுக்கான இரண்டு காரணங்கள் சேர்ந்து நிற்கின்றன. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்குக் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறைகிறது. அதன்மேல் இப்போது பி12 கிடைத்துவந்த இறைச்சி, மீன், முட்டை ஆகியவையும் நின்றுவிட்டன. நல்ல நிலையில் உள்ள கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பில் இருக்கும் என்பது உண்மை. ஏழு ஆண்டு மெட்ஃபார்மின் அந்தச் சேமிப்பை முன்னரே கரைத்திருக்கக்கூடும்.

கீரையில் பி12 நிறைய இருக்கிறது என்று எங்கோ படித்ததாகச் சொல்கிறீர்கள். அது தவறு. பி12-ஐ நுண்ணுயிரிகள் மட்டுமே உருவாக்குகின்றன. விலங்கு உணவுகள் வழியாகவோ, செறிவூட்டிய உணவுகள், மாத்திரைகள் வழியாகவோதான் அது நமக்குக் கிடைக்கிறது. ஸ்பைருலினா போன்ற பாசிகளில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். புளிக்கவைத்த உணவுகளையும் நம்ப முடியாது. கீரையில் இருப்பது ஃபோலேட் என்ற வேறொரு வைட்டமின். இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பி12 குறைந்தால் வழக்கமாக இரத்தசோகை தோன்றி எச்சரிக்கும். ஃபோலேட் தாராளமாகக் கிடைக்கும்போது அந்த எச்சரிக்கை மறைந்துவிடக்கூடும். நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரும். ஹீமோகுளோபின் 12.6 இருக்கிறது, ஆகவே சத்துக்குறைவு இல்லை என்று நீங்கள் ஆறுதல் அடைந்திருப்பதை இதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வாரமே இரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி எனலாம். 200-க்கும் 300-க்கும் இடைப்பட்டால் குறைபாடு உண்மையா என்று உறுதிசெய்ய உதவும் மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை தேவைப்படலாம். பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதற்கு முன் பி12 மாத்திரையை நீங்களாகவே வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். அளவு பொய்யாக உயர்ந்து உண்மை மறைந்துவிடும். குறைபாடு இருந்தால், நரம்பு அறிகுறிகள் உள்ள உங்களுக்கு ஊசியில் தொடங்குவதா, அதிக அளவு மாத்திரையில் தொடங்குவதா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். குறைபாடு இல்லை என்று வந்தாலும், இந்த உணவில் நீடிக்கும்வரை உங்களுக்குப் பி12 துணை மாத்திரை தேவை. இதைச் சைவ உணவின் தோல்வியாக நினைத்து வருந்த வேண்டாம். நரம்புச் சேதம் தொடக்கத்தில் பெரும்பாலும் மீளக்கூடியது. மாதக்கணக்கில் விட்டால் நிரந்தரமாகிவிடலாம். இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம் இருந்தால் பரிசோதனை முடிவுக்காகக்கூடக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

நிறுத்திய மாத்திரையும், நிறுத்த நினைக்கும் மாத்திரையும்

உங்கள் மூன்று அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். மாத்திரை தொடங்குவதற்கு முன் எல்.டி.எல் 152, மாத்திரையோடு 84, இப்போது, மாத்திரை இல்லாமல், 131. உங்கள் உணவு 152-ஐ 131 ஆக்கியிருக்கிறது. இது சராசரியைவிட நல்ல பலன்தான். ஆனால் நீரிழிவும், தந்தையின் மாரடைப்பு வரலாறும் உள்ள 48 வயதுப் பெண்ணுக்கு 131 பாதுகாப்பான எண் அல்ல. உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே கொண்டுவருவதே பொதுவான இலக்கு. உணவும் மாத்திரையும் வெவ்வேறு வழிகளில் வேலை செய்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த இலக்கு எட்டும். தசை வலி போன்ற தொந்தரவால் நிறுத்தினீர்களா என்று கடிதத்தில் இல்லை. அப்படியானால் அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் வழி இருக்கிறது. இல்லையென்றால் மருத்துவரைச் சந்தித்து மீண்டும் தொடங்குங்கள். நிறுத்தியதை அவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். அவருக்குத் தெரியாவிட்டால் 131-ஐப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று தவறாக முடிவெடுக்கக்கூடும்.

மெட்ஃபார்மினை இப்போது நிறுத்த முடியாது. மருந்தை நிறுத்தி மூன்று மாதங்களாவது கழிந்த பிறகும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே நின்றால்தான் நீரிழிவு தணிந்திருக்கிறது என்று மருத்துவத்தில் சொல்கிறோம். மாத்திரையோடும் உங்களுக்கு 7.4 இருக்கிறது. நல்ல அளவு எடை குறைந்தால் அந்த நிலையை எட்டியவர்கள் உண்டு. நோய் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் அது நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். உங்கள் ஆசை வீண் ஆசை என்று நான் சொல்லவில்லை. பி12 குறைபாடு உறுதியானாலும் மெட்ஃபார்மினை அதற்காக விட வேண்டியதில்லை. பி12-ஐ ஈடுசெய்தால் போதும். உங்களைப் போல் உணவை மாற்ற நினைக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். முதலில் மருந்தின் அளவை மருத்துவரோடு பேசுங்கள்.

பாலை விடலாமா?

விட வேண்டிய மருத்துவக் காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. கருணையினாலோ கொள்கையினாலோ விட விரும்பினால் அது உங்கள் உரிமை; அதை நான் மதிப்பேன். ஆனால் “முழுப் பலன்” கிடைக்கும் என்பதற்காக என்றால் வேண்டாம். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் உங்களுக்கு எலும்பின் வலிமை இனிமேல்தான் சோதனைக்கு உள்ளாகும். ஈபிக்-ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வின் 2020-ஆம் ஆண்டு முடிவில், முழுத் தாவர உணவினருக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகமாக இருந்தது. விடுவதென்றால் கால்சியம் சேர்த்த சோயா பால் போன்ற மாற்றை முதலில் ஏற்பாடு செய்துகொண்டு பிறகு விடுங்கள்.

மகளும் மாமியாரும்

உங்கள் கணவரின் அச்சத்தில் பாதி தவறு, பாதி சரி. திட்டமிட்ட சைவ உணவில் பதின்வயதினர் நன்றாகவே வளர்கிறார்கள். புரதம் பெரிய சிக்கலாக வருவதில்லை. ஆனால் மகளுக்கு மாதவிடாயில் அதிகப் போக்கு இருக்கிறது, அடிக்கடி தலைசுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. தாவரங்களில் உள்ள இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சும். எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி போன்ற வைட்டமின் சி உள்ளவற்றை அதே வேளையில் சேர்த்தால் உறிஞ்சுதல் கூடும். உணவோடு தேநீர் குடித்தால் குறையும். பயறை ஊறவைப்பதும் முளைகட்டுவதும் உதவும். ஆனால் குறைபாடு ஏற்கெனவே வந்திருந்தால் உணவு மட்டும் அதைச் சரிசெய்யாது. ஹீமோகுளோபினோடு, உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12 இரண்டையும் அவளுக்குப் பார்த்துவிடுங்கள். அதிகப் போக்கின் காரணத்தையும் மகப்பேறு மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மென்மையாகக் கேட்கிறேன். அவள் காலை உணவைத் தவிர்க்கிறாள், எடையை அடிக்கடி பார்க்கிறாள் என்றும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சில பிள்ளைகளுக்குச் “சைவம்” என்பது உணவையே தவிர்ப்பதற்கு ஒரு கண்ணியமான காரணமாகிவிடுகிறது. உங்கள் மகள் அப்படி என்று நான் முடிவுகட்டவில்லை. குற்றம் சாட்டாமல், தனியாக உட்கார்ந்து, ஏன் இறைச்சியை விட்டாய் என்று கேளுங்கள். பயறு, பால், கொட்டைகள் எல்லாவற்றையும் ரசித்து வயிறாரச் சாப்பிடுகிறாள் என்றால் அவளுடைய விருப்பத்துக்குக் கணவரும் நீங்களும் துணை நில்லுங்கள். ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போகிறாள் என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மாமியாரை மாற்ற வேண்டாம். அவருக்கு நோய் எதுவும் சொல்லப்படவில்லை; மூன்று கிலோ எடை குறைந்திருக்கிறது என்பது மட்டும் இருக்கிறது. உங்களுக்கு எடை குறைவது நல்ல செய்தி. 76 வயதில் அது பெரும்பாலும் தசை கரைவதன் அறிகுறி. முதியவர்களுக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும், பசியோ குறைவு. அவர் விரும்பிச் சாப்பிடும் முட்டையையும் மீனையும் அவர் தட்டிலேயே விட்டுவிடுங்கள். எடைக்குறைவின் காரணத்தையும் பார்க்க வேண்டும். அந்த வயதில் வயிற்று அமிலம் குறைவதால், இறைச்சி உண்பவர்களுக்கும் பி12 சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். அவருக்கும் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன், மூன்று நாட்களுக்கு நீங்கள் வாயில் போடும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதிவையுங்கள். சாப்பாட்டை மட்டும் எழுதாமல், மாலை பிஸ்கட்டையும் மனம் கேட்காதபோது எடுத்த இனிப்பையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தாளையும் பழைய மூன்று இரத்த அறிக்கைகளையும் அவரிடம் கொடுங்கள். எச்பிஏ1சி-ஐ அடுத்த மூன்று மாதங்களுக்குப் பிறகு பார்த்தால் போதும். பி12 பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.